மஞ்சளுக்கு நீட்டிய கை

மை மணக்கும் கைகளோடும் மனம் நிறைந்த எதிர்பார்ப்போடும் கூடியிருக்கும் இந்த மாபெரும் அவைக்குத் தலைமை தாங்கி, வருகிறவர் எவரையும் காபி கொடுக்காமல் திருப்பி அனுப்பாத பண்பாளர், அச்சக, விளம்பரப் பதாகைத் தொழில் செய்வோர் சங்கத்தின் தலைவர் அண்ணன் ரெத்தினம் அவர்களே! அவருக்கு இருபுறமும் வரிசையாக வீற்றிருக்கும் பொறுப்பாளப் பெருமக்களே! சுவரில் தூரிகை பிடித்த காலம் தொட்டுக் கணினியில் மவுஸ் பிடிக்கும் காலம் வரை தொழிலைக் கைவிடாத மூத்தவர்களே! சீர்காழியிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் தோழர்களே! அச்சகத்தில் பக்கமும் வடிவமைத்து, வாடிக்கையாளரிடம் சண்டையும் போட்டு, வீட்டுக்குப் போய் உலையும் வைக்கிற என் தாய்மார்களே! கடைசி வரிசையில் கண்ணைக் கைப்பேசிக்கும் காதை மட்டும் எனக்கும் கொடுத்திருக்கும் இளையவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் பிரகதீஸ்வரி. இதே தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்துகிறேன். விளம்பரம் எப்படிப் பேசுகிறது, எப்படி மயக்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. போன வாரம் அண்ணன் ரெத்தினம் தொலைபேசியில் அழைத்தார். “வண்ணங்கள் வெல்லும் வணிகம்னு தலைப்பு போட்டுட்டோம் மேடம். கலர் எப்படி ஜனங்க மனச இழுக்குதுன்னு நீங்க பேசணும். நம்ம ஆளுங்க உற்சாகமா வீட்டுக்குப் போகணும்” என்றார். தலைப்புக்கு நான் ஒப்புக்கொண்டேன். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை அண்ணே, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வண்ணம் என்ன செய்கிறது? கண்ணைக் கவர்கிறதா, கருத்தைக் கவர்கிறதா? கண்ணுக்கும் கருத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அங்கே நாம் யோசிப்பதற்கு முன்பே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறதே, அதுதான் வண்ணம்! எழுத்தைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். விலையைப் பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டும். வண்ணத்தைப் பார்க்க என்ன தெரிய வேண்டும்? கண் திறந்திருந்தால் போதும்.

ஆடி பிறந்தால் துணிக்கடை வாசலெல்லாம் சிவப்பு தொங்குகிறது. ஏன் சிவப்பு? அவசரப்படுத்துவதற்கு! பீரோ கதவை மூட முடியாத அளவுக்கு வீட்டில் துணி இருப்பது அந்தச் சிவப்பைப் பார்த்தவுடன் மறந்துபோகிறது. மருத்துவமனைப் பலகையில் நீலம். ஏன் நீலம்? அமைதிப்படுத்துவதற்கு! பில் வருகிற வரைக்கும் அமைதியாக இருக்கலாம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், பிறகு சிரிக்க முடியாது. அரிசி மூட்டையில் பச்சை. உள்ளே இருக்கிற அரிசி எந்த ஊரில் விளைந்தது என்று மூட்டைக்கே தெரியாது. மேலே மட்டும் நம்முடைய வயல்!

ஒருநாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. சன்னலுக்கு வெளியே காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த மதில் சுவர் வந்தது. அந்த அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கோயில் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். சுவர் முடிகிற இடத்தில் பார்த்தால், நகை அடகு பிடிக்கிற ஒரு கம்பெனியின் பெயர்! கோயில் மதில் மாதிரிப் பட்டை அடித்தால் எவனும் சுவரொட்டி ஒட்டமாட்டான், அசிங்கம் பண்ணமாட்டான் என்று யோசித்திருக்கிறார்கள். அதோ, மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையைக் குனிகிறார். ஐயா, அந்தச் சுவரை அடித்தது நீங்களா? சரி, நான் கேட்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னது வேடிக்கை. இனி மஞ்சளுக்கு வருகிறேன்.

மஞ்சள்! இந்த மண்ணில் அது வெறும் நிறமா? புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள். பத்திரிகை அடித்தால் நான்கு மூலையிலும் மஞ்சள். பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள். தாலிக் கயிற்றில் மஞ்சள். வாசற்படியில் மஞ்சள். பிறந்த வீட்டிலிருந்து பெண் கிளம்பும்போது மடியில் மஞ்சள். மற்ற நிறங்களைக் கண்டால் நமக்கு ஆசை வரும், பசி வரும், பயம் வரும். மஞ்சளைக் கண்டால் மட்டும் மனசு தானாகத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு மனை விற்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அழகாகப் பேசினார். ஆய்வு செய்தோம் என்றார். “டெல்டா ஜனங்ககிட்ட புளூ எடுபடாது மேடம். கோல்டு வச்சா பயப்படுறாங்க. மஞ்சள் வச்சா மறுக்கவே மாட்டாங்க” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு விளம்பரக்காரன் தன் வேலையை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறானே என்று அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த மஞ்சள் போய்ச் சேர்ந்த ஒரு வீட்டின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஓர் ஊர். அங்கே கண்ணுசாமி, அவர் மனைவி அம்சம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்து, அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் களத்தில் நெல் அடித்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் தன் பெயருக்குப் பட்டா வாங்கிய முதல் மனிதர் கண்ணுசாமி. வாய்க்காலின் தலைமாட்டில் வயல். தண்ணீர் அவர் வரப்பைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர் வயலுக்குப் போகும். அவர்களுடைய ஒரே மகள் மதிவதனி என் மாணவி. படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தை பிறந்து அறுவடையும் ஆகிவிட்டது.

ஒரு முற்பகலில் அவர்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஆண்கள், பட்டுப்புடவையில் பெண்கள், கைகளில் தட்டு. தட்டு நிறையப் பழம், பூ, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். முன்னால் வந்த பெரியவர், “நல்ல காரியமா வந்திருக்கோம்மா” என்றார். சொல்லுங்கள் தாய்மார்களே, வரன் தேடுகிற எந்தத் தாய் அந்த நேரத்தில், “எந்த நல்ல காரியம்?” என்று கேட்பாள்? அம்சம் கேட்கவில்லை. பாயை விரித்தார். பின்வாசல் வழியாக ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து காபி போட்டார். பட்டுப்புடவைக்காரப் பெண்மணி தட்டை நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

வைத்த பிறகுதான் அந்தப் பெரியவர் சொன்னார்: “ஒங்க நெலத்துக்கு நல்ல காலம் வந்திருக்கும்மா.”

பூவுக்குக் கீழே மஞ்சள் உறையில் முன்பணம் இருந்தது.

அம்சம் பிறகு என்னிடம் சொன்னார்: “மஞ்சத்தட்டு மேடம். பொண்ண வச்சிருக்கவ வேற என்னத்த நெனப்பா? வாங்குன பொறவு நெலத்துக்குன்னு சொல்றாங்க. திருப்பிக் குடுத்துறலாம்னு கை போவுது. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்குற வீட்டுல, வாங்குன மஞ்சளத் திருப்பிக் குடுக்கலாமா? நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா அந்தப் பழி யாரு தலையில விழும்?”

களத்திலிருந்து கண்ணுசாமி வந்தார். “தட்ட வாங்கிட்டியா?” என்று கேட்டார். “வாங்கிட்டேன்.” “ரெண்டு கையாலயுமா?” “ஆமாங்க.” அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அப்பறம் என்ன. வாக்குக் குடுத்தாச்சு.”

தட்டு மாற்றினால் வாக்குக் கொடுத்தது என்று நம் வீடுகளில் நிச்சயதார்த்தத்தில் வைத்திருக்கிறோம் அல்லவா? பத்திரம் வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம், தட்டு போதும். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி நிலத்துக்கு வைத்துவிட்டார்கள்! மதிவதனி வேலையிலிருந்து வந்து அழுதிருக்கிறாள். “அப்பா, சட்டப்படி இது ஒண்ணுமே கெடையாதுப்பா. வாடகைக் காருக்கு நான் காசு தர்றேன், கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க” என்றாள். கண்ணுசாமி சொன்னார்: “சட்டத்துல இல்லதாம்மா. தட்ட வாங்கிட்டு மாத்திப் பேசுன வீடுன்னு நாளைக்கு ஒன்னப் பாக்க வர்றவங்க சொல்லுவாங்கல்ல?”

பின்னாலிருந்து யாரோ ‘முட்டாள்’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. அய்யா, நீங்கள் சொன்னது சரிதான். நாணயமான மனிதனை நாம் இப்போது அந்தப் பெயரில்தான் அழைக்கிறோம்.

கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தபோது கண்ணுசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வாய்க்காலில் கை வைக்கக் கூடாது, கீழே இருக்கிற வயலுக்கெல்லாம் அதுதான் தண்ணீர் என்றார். “அதுக்கென்னங்கய்யா, வாய்க்கால் அப்படியே இருக்கும்” என்று அந்தக் குங்குமத்தின் மேல் கை வைத்துச் சொன்னார்கள். பத்திரப்பதிவு முடிந்தது. லாரிகள் வந்தன. கருகருவென்று கிடந்த களிமண்ணின் மேல் செம்மண் கிராவல் விழுந்தது. வயல் போனது. வரப்பு போனது. அதோடு வாய்க்காலும் போனது! புறம்போக்கு வாய்க்கால், ஊருக்குப் பொதுவான வாய்க்கால்! ஊரார் மனுக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். நடவடிக்கையில் இருக்கிறது என்றார்கள். இன்றைக்கும் நடவடிக்கையில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் கீழ் வயல்களில் நாற்று காய்ந்தது. காய்ந்த நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் யாரைப் பார்த்துக் கேட்கும்? கார் வைத்திருக்கிறவனையா? அம்சத்தைக் கேட்டது. “தலமாட்டுல இருந்த நீங்க தட்ட வாங்கிக்கிட்டீங்க, நாங்க இங்க காயுறோம்” என்று கேட்டார்கள். கூட நடவுக்கு வந்தவர்கள், ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தவர்கள், தெருவில் அம்சம் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நிலம் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

பெயரைச் சொல்லவா? “கம்பெனி பேரச் சொல்லுங்க மேடம்” என்கிறார் ஒரு தம்பி. சொல்லமாட்டேன் தம்பி. உன் கையில் இருக்கிற அழைப்பிதழின் பின்பக்கத்தைப் பார். இன்று மதியம் நமக்குச் சாப்பாடு போடுவது யார் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு அழகான மஞ்சளில் போட்டிருக்கிறது பார்.

எல்லோரும் அழைப்பிதழைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ‘நேரம்’ என்று எழுதியிருக்கிறது. அண்ணே, முடித்துவிடுகிறேன், உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இந்தச் சீட்டைத்தான் அனுப்பியிருப்பேன்.

அந்த மனைப்பிரிவின் வாசலில் ஒரு பதாகை வைத்தார்கள். பார்த்தால் பசி தீரும் பச்சை! கண்ணுக்கு எட்டிய தூரம் கதிர், நடுவே வளைந்து போகும் வரப்பு, வரப்பில் ஒரு பூவரச மரம். ‘பசுமை சூழ்ந்த மனைகள்’ என்று எழுத்து. அது எந்த ஊர் வயல் தெரியுமா? கணினியிலிருந்து எடுத்த வெளிநாட்டு வயல் என்றுதானே நினைப்பீர்கள்? தட்டு வருவதற்கு முந்தைய கார்த்திகையில் வரப்பில் வந்து யாரோ படம் எடுத்துக்கொண்டு போனது அம்சத்துக்கு நினைவிருக்கிறது. அது அம்சத்தின் வயல்! அவர் வெட்டிப் போட்ட வரப்பு! அவர் சோறு கட்டித் தொங்கவிட்ட பூவரசு! வயலைக் கொன்று, வயல் இருந்த இடத்திலேயே வயலின் படத்தை மாட்டி, வயல் இருக்கிறது வாருங்கள் என்று அழைக்கிறது விளம்பரம்.

இப்போது உங்கள் தொழிலில் ஒரு கேள்வி. வெயிலில் நிற்கிற பதாகையில் எந்த நிறம் முதலில் வெளுக்கும்? சத்தமாகச் சொல்லுங்கள். மஞ்சள்! கூடவே? சிவப்பு! கடைசி வரை நிற்பது? நீலம்! நீங்கள்தான் சொல்கிறீர்கள், நான் சொல்லவில்லை. அந்தப் பதாகையிலும் அதுவே நடந்தது. கோடை வந்தது, மஞ்சள் ஓடியது, பச்சை வயல் முழுக்க நீலமாகிவிட்டது. நீல நெல்! நீலப் பூவரசு! நான் ஒருநாள் அந்த ஊருக்குப் போனபோது அம்சம் அந்தப் பதாகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “மஞ்ச போயிருச்சுன்னா பச்சையும் போயிருமா மேடம்?” என்று கேட்டார். ஆமாம் அம்மா, பச்சைக்குள்ளே மஞ்சள் இருக்கிறது என்றேன். வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பதில்தான். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆவணியில் மதிவதனிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை அன்பரசன், மன்னார்குடிப் பக்கம், நல்ல பிள்ளை. அவன் தாயார் ராஜாத்தி, பார்த்தவுடனே ஒட்டிக்கொள்கிற பெண்மணி. நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஊரிலும் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு ஏற்றியாயிற்று. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ராஜாத்தி எழுந்து தட்டை நீட்டினார். பழம், பூ, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம்.

அம்சத்தின் கை வரவில்லை.

கூச்சம் என்று முதலில் நினைத்தோம். “வாங்கிக்க புள்ள” என்றார் கண்ணுசாமி. கை வரவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜாத்தியின் முகம் மாறியது. “சம்மந்தியம்மா, சம்மதமில்லாம இருந்தா இப்பவே சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் யாவாரம் பேச வரலிங்க” என்றார். அவர் மனசு புண்பட்டுச் சொன்ன சொல் அது. அது எங்கே போய்த் தைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மதிவதனி சபையை மறந்து எழுந்து வந்தாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, இது நெசம்மா. வெளம்பரம் இல்லம்மா” என்றாள்.

அம்சம் சொன்னார்: “அன்னைக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு.”

அவ்வளவுதான். நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்தது. ராஜாத்தி தட்டைக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்துவிட்டு, “மனசு தேறட்டும், அப்பறம் வாரோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷி, நம்பிக்கையோடுதான் சொன்னார். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. இன்னும் அவர்கள் வரவில்லை. மதிவதனி என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அன்பானவர்களே! அந்த மஞ்சளுக்கு அவ்வளவு வலிமையைக் கொடுத்தது யார்? உங்கள் இயந்திரம் கொடுத்ததா? என் பாடப்புத்தகம் கொடுத்ததா? ஆய்வு செய்த அந்த இளைஞன் கொடுத்தானா? இல்லவே இல்லை! அம்சத்தின் தாய் கொடுத்தது! அவள் தாயின் தாய் கொடுத்தது! மஞ்சளைத் தொட்டுப் பொய் சொல்லாத மனிதர்கள் கொடுத்தது! தட்டை வாங்கி வாக்கு மாறாத வீடுகள் கொடுத்தது! காலங்காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நம்பிக்கையை ஒரு முற்பகலில் அள்ளிச் செலவழித்துவிட்டுப் போய்விட்டார்களே, அதை யார் திரும்பக் கொடுப்பது? நிலத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம். வாய்க்காலுக்கு வழக்குப் போடலாம். மஞ்சளுக்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? சிவப்பைக் கண்டு அவசரப்பட மறந்தால் நமக்கு லாபம். மஞ்சளைக் கண்டு நம்ப மறந்தால், நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நாம் எதை வைத்துத் தட்டு மாற்றுவோம்?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். “சட்டம் போடணும்” என்கிறார் ஒரு பெரியவர். என்ன சட்டம் ஐயா போடுவது? மஞ்சளைப் பயன்படுத்தக் கூடாது என்றா? அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் பூட்டப்படுவது நம் வீட்டுப் பூஜை அறைதான். நான் தீர்வோடு வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்திருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். தேடிப் பார்த்தேன், என்னிடம் ஒன்றும் இல்லை. நாளைக்குக் காலையில் நீங்கள் கடையைத் திறப்பீர்கள், மஞ்சளில் அடித்துத் தா என்று ஒருவன் வந்து நிற்பான், நீங்கள் அடித்துக் கொடுப்பீர்கள். உங்கள் அடுப்பும் எரியவேண்டும். நானும் வகுப்புக்குப் போய் அதே பாடத்தைத்தான் நடத்துவேன்.

இவ்வளவு நேரம் இந்தக் கசப்பைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. சீட்டு அனுப்பிய பிறகும் ஒலிபெருக்கியை நிறுத்தாத தலைவர் அண்ணனுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. மேடையின் ஓரத்தில் ஒரு தட்டு காத்திருப்பதைப் பேச ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொன்னாடை, பழம், வெற்றிலை பாக்கு, மேலே ஒரு கொத்து மஞ்சள். நீங்கள் நல்ல மனசோடுதான் வைத்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அண்ணே, நீங்கள் அதை நீட்டும்போது என் கை வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லோருக்கும் வணக்கம்.